துண்டுக்கு அடியில் ஒரு விலை: வெளிநாடு போகையில் நோட்டா, கார்டா, கியூஆரா?

கோபியில் இருக்கும் எங்கள் மாமா மஞ்சள் விவசாயி. போன வருடம் அவரும் அத்தையும் மகளும் பேரனுமாக நாலு பேர் கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் போனார்கள். டிக்கெட்டும் ஓட்டலும் மகள் பாடு. மாமாவின் கவலை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, "செலவுக்குப் பணத்த எப்படி மாப்ள கொண்டு போறது?" என்றார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர்களைப் பார்க்க வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வெளியே போகிறவன். இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்பையெல்லாம் ஒவ்வொரு தடவை செய்து முடித்திருக்கிறேன் என்பதுதான் என் தகுதி.

மதியம் வீட்டுக்குப் போனால் அங்கே நாலு கட்சி. மொத்தத்தையும் சிங்கப்பூர் நோட்டாக மாற்றிப் பட்டாபட்டி டவுசர் பையில் வைத்துத் தைத்துக்கொள்வது மாமாவின் திட்டம். அத்தையின் சம்பந்தி யாரோ ஃபாரெக்ஸ் கார்டுதான் பாதுகாப்பு என்று சொல்லியிருக்கிறார். மகள் கையில் கிரெடிட் கார்டு இருக்கிறது, அது போதும் என்கிறாள். பேரன் மொபைலை ஆட்டிக் காட்டி, "யுபிஐ அங்கேயும் போகும் தாத்தா" என்கிறான். யார் சொல்வதும் முழுத் தப்பு இல்லை. அதனால்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் எதை வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்தோம். மஞ்சள் விற்றுவிட்டு வந்தால் குவிண்டால் என்ன விலைக்குப் போச்சு என்று ஊரில் கேட்பார்கள். கமிஷன், கூலி, வண்டி வாடகை போகக் கையில் என்ன நின்றது என்று வீட்டில் கேட்பார்கள். வீட்டுக் கேள்விதான் சரியான கேள்வி. அங்கே 1,000 சிங்கப்பூர் டாலர் செலவாகி முடியும்போது நம் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போயிருக்கும்? கட்டணம், வரி, ரேட் வித்தியாசம் எல்லாம் சேர்த்து அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகரும் வாங்குகிறவரும் கையைப் பிடித்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரல்கள்தான் விலை பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்நியச் செலாவணி வியாபாரமும் அப்படித்தான். "கமிஷன் இல்லை" என்று வெளியே போர்டு இருக்கும். லாபம் ரேட்டுக்குள்ளே துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூகுளில் தேடினால் வருகிற விலை வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற விலை. உங்களுக்கும் எனக்கும் அந்த விலைக்கு யாரும் தர மாட்டார்கள். அதற்கு மேலே யார் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதில்தான் ஆட்டமே.

கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சிங்கப்பூர் டாலரின் சந்தை விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அப்படியென்றால் 1,000 டாலரின் உண்மை விலை 70,000 ரூபாய். கீழே வருகிற ரேட்டெல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்தவை. நீங்கள் கிளம்புகிற நாளில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.

மாமாவின் டவுசர் பை

நோட்டாக மாற்றுவதைப் பழைய காலத்து வழி என்று ஒதுக்கிவிட முடியாது. உரிமம் பெற்ற மாற்றுக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் போனில் ரேட் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிப் பேசினால் 71.20க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். 71,200 ரூபாய். இதன்மேல் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் பயப்படுகிற அளவு இல்லை. ஒரு லட்சம் வரைக்கும் தொகையில் 1 சதவீதத்தை மட்டும் எடுத்து அதன்மேல் 18 சதவீதம் போடுகிறார்கள், குறைந்தபட்சம் 45 ரூபாய். நம் கணக்குக்கு 128 ரூபாய். ஆக 71,328.

இதையே விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றினால் 74 சொல்வார்கள். 74,133. அவசரத்துக்கு 2,800 ரூபாய் அபராதம். அங்கே நிற்பவனுக்கு வேறு வழியில்லை என்பது கவுண்டருக்குள் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டுக்கு உள்ள விதிகளை மாமாவுக்குச் சொன்னேன். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், விசா எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்துதான் வாங்க முடியும். 50,000 ரூபாய்க்கு மேல் மாற்றுவதென்றால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். மஞ்சள் விற்ற பணத்தைக் கட்டாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்த மாமாவுக்கு இது கொஞ்சம் வருத்தம். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகத் தர மாட்டார்கள். நம் ரூபாய் 25,000 வரை கையோடு கொண்டுபோகலாம், திரும்பி வந்து வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கு அதுதான் உதவும்.

இதில் இரண்டு குறை. ஒன்று, தொலைந்தால் தொலைந்ததுதான். எந்த எண்ணுக்கும் கூப்பிட்டு நோட்டை பிளாக் செய்ய முடியாது. இரண்டாவது, மிச்சமாகிற நோட்டு. விற்கும்போது 71.20, திரும்ப வாங்கும்போது 68.50 என்பார்கள். 300 டாலர் மிஞ்சினால் 810 ரூபாய் சும்மா போகிறது. அதனால் நோட்டு குறைந்துபோகலாம், மிஞ்சக் கூடாது.

இன்னொன்று. மாமா மஞ்சளில் பழகியவர் இல்லையா, "ரெண்டு வாரம் பொறுத்தா ரேட் எறங்காதா?" என்றார். விரலி விலை ஏறும் ஏறும் என்று மூட்டையை அடுக்கி வைத்து, புழு விழுந்த பிறகு வந்த விலைக்கு விற்ற கதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை மெதுவாக ஞாபகப்படுத்தினேன். அத்தை சிரித்துவிட்டார். 1,000 டாலருக்கு ஒரு ரூபாய் ரேட் மாறினால் 1,000 ரூபாய். அதற்காகத் தினமும் மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். படிப்புக்காக லட்சக்கணக்கில் அனுப்புகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

அத்தையின் ஃபாரெக்ஸ் கார்டு

இது முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கிற கார்டு. ஏற்றுகிற அன்றைய ரேட்டில் பூட்டிவிடும். தொலைந்தால் ஆப்பில் ஒரு தட்டு தட்டி நிறுத்தலாம். பல இடங்களில் கூடவே ஒரு மாற்றுக் கார்டும் தருகிறார்கள். உள்ளே இருக்கிற பணத்துக்கு மேல் ஒரு காசு போகாது, சேமிப்புக் கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது பெரிய நிம்மதி.

ஆனால் "ஃபாரெக்ஸ் கார்டில் மார்க்அப் கிடையாது" என்று சொல்கிறார்களே, அதில்தான் துண்டு கிடக்கிறது. மார்க்அப் என்பது ரேட்டுக்கு மேல் வங்கி வைக்கிற கூடுதல் சதவீதம். செலவு செய்யும்போது அது கிடையாது, சரி. ஏற்றும்போதே ரேட்டில் வாங்கிவிட்டார்களே! 71.50க்கு ஏற்றினால் 71,500, ஜிஎஸ்டி 129, கார்டுக்கு 300 ரூபாய் கட்டணமும் அதற்கு 54 ரூபாய் வரியும் இருந்தால் மொத்தம் 71,983. பேசினால் சில இடங்களில் கார்டுக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள். ரேட்டையும் பேசலாம். பேசாமல் ஆன்லைனில் காட்டுகிற ரேட்டுக்கே ஏற்றுகிறவர்கள்தான் அதிகம்.

எந்த நாணயத்தை ஏற்றுகிறோம் என்பது முக்கியம். அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டைச் சிங்கப்பூரில் தேய்த்தால், உள்ளே இன்னொரு மாற்றம் நடந்து 2 முதல் 3.5 சதவீதம் வரை போய்விடும். எங்கே போகிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே ஏற்ற வேண்டும். சில நாட்டு நாணயங்கள் இந்த கார்டுகளில் கிடைக்காது, அப்போது வேறு வழி பார்ப்பதே மேல்.

எனக்கு ஷார்ஜாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஷார்ஜா வழியாகத்தான் துபாய் போவோம். விடியற்காலையில் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரிசப்ஷனில் வைப்புத் தொகைக்கு ஒரு கார்டு கேட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினேன். 1,000 திர்ஹாம் நிறுத்தி வைத்தார்கள். நான் ஏற்றியிருந்ததே 2,500 திர்ஹாம். நாலு நாளும் மீதி 1,500ஐ வைத்துத்தான் ஓட்டினேன். அறையைக் காலி செய்தபோது, "விடுவித்துவிட்டோம் சார்" என்றார்கள். பணம் கார்டுக்குத் திரும்பியது நான் திருப்பூர் வந்து பத்து நாள் கழித்து. அப்புறம் அந்தத் திர்ஹாமை வைத்து அவிநாசி சாலையில் என்ன வாங்குவது? குறைந்த ரேட்டுக்கு ரூபாயாக மாற்றிக்கொண்டேன். கிரெடிட் கார்டைக் கொடுத்திருந்தால் அது வெறும் லிமிட்டில் விழுந்திருக்கும், என் பணம் என் கையிலேயே இருந்திருக்கும். ஓட்டல் வைப்புக்கும் வாடகைக் காருக்கும் ஃபாரெக்ஸ் கார்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைக்கும், கிரெடிட் கார்டே இல்லாதவருக்கும், "இதற்கு மேல் போகாது" என்று ஒரு வரம்பு வேண்டும் என்பவருக்கும் இந்த கார்டு பொருத்தம். மற்றவர்களுக்கு இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

மகளின் கிரெடிட் கார்டு, அப்புறம் அந்த மெஷின் கேட்கிற கேள்வி

கிரெடிட் கார்டில் விசா, மாஸ்டர்கார்டு போடுகிற ரேட் சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும். அதன்மேல் நம் வங்கி வைப்பதுதான் மார்க்அப். பல சாதாரண கார்டுகளில் 3.5 சதவீதம், அந்த மார்க்அப் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். 1,000 டாலருக்கு 2,450 மார்க்அப், 441 வரி, மொத்தம் 72,891. இது ஃபாரெக்ஸ் கார்டைவிட மோசம், ஊருக்குள் வாங்குகிற நோட்டைவிட ரொம்பவே மோசம்.

2 சதவீத மார்க்அப் கார்டானால் 71,652. நோட்டோடு கிட்டத்தட்டச் சமம். மார்க்அப்பே இல்லாத கார்டும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கிறது, அதில் 70,000க்கு 70,000தான். ஆண்டுக் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, "கிரெடிட் கார்டு நல்லதா" என்பது அரைக் கேள்வி. எந்த கிரெடிட் கார்டு என்பதில்தான் பதில் இருக்கிறது. கார்டுக்கும் கார்டுக்கும் நடுவில் 2,900 ரூபாய் வரை வித்தியாசம்! மாமா மகளின் பர்சில் இரண்டு கார்டு இருந்தன. பளபளவென்று இருந்ததில் 3.5, வங்கி சும்மா கொடுத்த இன்னொன்றில் 2. அவள் எடுத்துப்போக இருந்தது பளபளப்பை.

சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிக்கும் வியாபாரிக்கும் கார்டு கொடுக்க வங்கி தயங்கினால், ஒரு பிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

இப்போது அந்த மெஷின். மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் ஒரே விரல் தட்டில் கெடுக்கிற இடம் இதுதான்.

என் முதல் சிங்கப்பூர் பயணம். செரங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் 180 டாலருக்குச் சாமான் வாங்கினேன். கடைக்காரர் கார்டைச் செருகி மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு வரி. ஒன்றில் சிங்கப்பூர் டாலர், இன்னொன்றில் இந்திய ரூபாய், ரூபாய் வரி கொஞ்சம் பெரிதாகவே இருந்த மாதிரி ஞாபகம். "ரூபாயிலேயே போடவா அண்ணே, எவ்வளவுன்னு கரெக்டா தெரியும்" என்றார். தமிழில் கேட்கிறாரே, அதுவும் அண்ணே என்கிறாரே! தலையாட்டினேன். நாம் வைத்த 70 ரூபாய்க் கணக்கில் சொன்னால், 12,600 ஆக வேண்டிய இடத்தில் 13,356 விழுந்தது. அதாவது டாலர் 74.20. அதோடு விடவில்லை. வெளிநாட்டில் ரூபாயில் போடுகிற பரிவர்த்தனைக்கு என் வங்கி தனியாக 1 சதவீதமும் அதற்கு வரியும் எடுத்தது, இன்னும் 157 ரூபாய். டாலரிலேயே போட்டிருந்தால் என் 2 சதவீத கார்டில் 12,897தான் ஆகியிருக்கும். ஒரு "சரி"க்கு 616 ரூபாய்.

அந்த ரூபாய் ரேட்டைப் போடுவது நம் வங்கி இல்லை. கடையின் பக்கத்து வங்கியோ மெஷின்காரரோ போடுவது, லாபத்தில் கடைக்கும் பங்கு போகலாம். எந்த நாட்டில், எந்த மெஷினில், எந்த ஏடிஎம்மில் கேட்டாலும் அந்த ஊர்ப் பணம் என்றுதான் சொல்ல வேண்டும். சில இடங்களில் கேட்காமலே ரூபாயில் போட்டுவிடுவார்கள். பின் நம்பர் அழுத்தும் முன்பு திரையில் எந்த நாணயம் இருக்கிறது என்று பாருங்கள். ரூபாய் என்று இருந்தால் ரத்து செய்து திரும்பப் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மாமாவுக்கு நான் சொன்னதில் அவர் அப்படியே பிடித்துக்கொண்டது இதைத்தான்: "ரூபான்னு தெரிஞ்சா துண்டு கெடக்குதுன்னு அர்த்தம்."

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நாமே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். அதோடு மொபைலில் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, ஓடிபி வருகிற நம்பரை அணைத்து வைத்துவிட்டுத் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரெடிட் கார்டில் மட்டும் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்ததற்குத் தனிக் கட்டணம், அதன்மேல் மார்க்அப், அதற்கும் மேலே எடுத்த நாளிலிருந்தே வட்டி.

டெபிட் கார்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 500 டாலராக இரண்டு தடவை எடுத்தால் 3.5 சதவீத மார்க்அப், வரி, ஒரு தடவைக்கு 150 ரூபாய் வீதம் கட்டணம் எல்லாம் சேர்த்து 73,245. அந்த ஊர் ஏடிஎம் தனியாகப் பிடிப்பது வேறு. தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டு என்றாலே ஒரு தடவைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல். ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மொத்தச் சேமிப்பும் இருக்கிற கணக்கின் கார்டாக இருக்கக் கூடாது. மாமாவிடம் இருந்தது கூட்டுறவு வங்கியின் உள்நாட்டு ரூபே கார்டு. அது வாளையாறு தாண்டலாம், கடல் தாண்டாது. ரூபேயில் சர்வதேச வகை தனியாக இருக்கிறது.

பேரனின் கியூஆர்

பையன் சொன்னது உண்மை. 2021இல் பூடானில் தொடங்கி, சிங்கப்பூர், அமீரகம், நேபாளம், பிரான்ஸ் என்று யுபிஐ போய்க்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் இலங்கையும் மொரீஷியசும் சேர்ந்தன, அதே மாதம் பாரிசில் ஈஃபிள் கோபுர டிக்கெட்டுக்கும் வந்தது. ஆப்பில் சர்வதேச யுபிஐயைத் தனியாகத் திறந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இங்கே பெட்டிக்கடையிலிருந்து இளநீர் வண்டி வரை ஓடுகிற மாதிரி அங்கே ஓடாது. சேர்ந்திருக்கிற கடைகளில், அதற்கான கியூஆரில் மட்டும்தான். சாப்பாட்டுக் கடையில் ஒட்டியிருக்கிற கியூஆர் அந்த ஊர்க்காரர்களுக்கானதாக இருக்கலாம். எத்தனை ரூபாய் போகும் என்று பணம் அனுப்பும் முன்பே திரையில் காட்டுவது இதில் நல்ல விஷயம். அந்த ரூபாயை டாலரால் வகுத்துப் பார்த்தால் துண்டு எவ்வளவு பெரிது என்று உடனே தெரியும். கிடைத்த இடத்தில் பயன்படுத்தலாம், நம்பிக் கிளம்ப முடியாது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, என்ன செய்வது!

நாடு மாறினால் விடையும் மாறும்

சிங்கப்பூருக்குப் போட்ட கணக்கை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. அமீரகத் திர்ஹாம் 1997 முதல் அமெரிக்க டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. அதனால் வீட்டில் பழைய டாலர் நோட்டு இருந்தால் அங்கே தைரியமாகக் கொண்டுபோய் மாற்றலாம், ஏமாற்றினால் கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக வாங்குவதென்றால் நேராகத் திர்ஹாமே வாங்குங்கள், இரண்டு தடவை மாற்ற வேண்டாம். தாய்லாந்துக்கு இதற்கு நேர்மாறு. பாட்டுக்கு நம்மூரில் நல்ல ரேட் கிடைப்பது அரிது. கசங்காத 100 டாலர் அமெரிக்க நோட்டாகக் கொண்டுபோய் பாங்காக் ஊருக்குள் மாற்றுவது லாபம். சின்ன நோட்டுக்கும் கிறுக்கிய நோட்டுக்கும் அங்கே ரேட் குறைத்துத்தான் தருவார்கள். நேபாளத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம், நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 என்பது நிலையான கணக்கு.

ஜனவரியில் பிராங்பர்ட்டில் நடக்கிற ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சிக்குக் கரூர்க்காரர்கள் கூட்டமாகப் போவார்கள். ஜெர்மனி என்றால் எல்லாம் கார்டுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. சின்ன பேக்கரியிலும் கழிப்பறை வாசலிலும் நாணயம் கேட்பார்கள். 100, 150 யூரோ சில்லறையாகக் கையில் இருக்க வேண்டும். சீனாவில் குவாங்சோ சந்தைக்குப் போகிறவர்கள் அலிபே என்ற சீன மொபைல் ஆப்பில் தங்கள் சர்வதேச கார்டை இணைத்துக்கொண்டு போவது நல்லது, 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு. சின்னக் கடைகளில் கார்டை நீட்டினால் நம்மை விநோதமாகப் பார்ப்பார்கள்.

இன்னொரு வழியை எங்கள் பக்கம் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். "அங்க நம்ம பங்காளி பையன் இருக்கறான். அவன் அங்க டாலரா குடுத்துருவான், நாம இங்க அவங்கப்பன்கிட்ட ரூபாயா குடுத்தறலாம்." மார்க்அப் இல்லை, வரி இல்லை, ரேட்டும் கூகுள் ரேட். கேட்க இனிக்கிறது. பையன் நம்மை வீட்டில் தங்கவைத்து விருந்து போட்டால், டிக்கெட்கூட எடுத்துக் கொடுத்தால் ஒரு தப்பும் இல்லை. அங்கே அவன் கொடுத்ததற்கு ஈடாக இங்கே நாம் கணக்குத் தீர்ப்பது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு ஒத்துவராது. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வம்பு எதற்கு?

வரியைப் பற்றியும் ஊரில் ஒரு பீதி உண்டு. "வெளிநாடு போனா 20 சதவீதம் புடிச்சுக்கறாங்களாமே" என்று மாமாவே கேட்டார். நோட்டு, ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு எல்லாம் சேர்த்து ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால்தான், மேலே போகிற தொகைக்கு மட்டும் அந்த 20 சதவீதம். 2025 ஏப்ரலுக்கு முன் அது 7 லட்சமாக இருந்தது. பிடித்ததையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் நேரில் தேய்க்கிற கிரெடிட் கார்டு இந்தக் கணக்கில் இப்போதைக்கு வராது. ஒன்றரை லட்சத்தோடு சிங்கப்பூர் போகிறவருக்கு இது கவலையே இல்லை.

கடைசியில் எப்படிப் பிரித்தோம்

நாலு பேருக்கு 2,000 டாலர் என்று கணக்கு. 500 நோட்டாக, கோவை ஊருக்குள் மாற்றியது. அதை மூன்றாகப் பிரித்து மாமா, அத்தை, மகள் மூவரிடமும் கொடுத்தோம். மாமாவின் பங்கு டவுசர் பைக்குத்தான் போனது, அதில் நான் தலையிடவில்லை. அத்தை பேரில் 300 டாலர் ஏற்றி ஒரு ஃபாரெக்ஸ் கார்டு. மகளின் பர்ஸ் தொலைந்தால் நாலு பேரும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக. மீதி எல்லாம் அந்த 2 சதவீத கார்டில். பையனின் யுபிஐயையும் திறந்துவிட்டோம், இருந்துவிட்டுப் போகட்டும்.

நோட்டு நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் கரைந்தது. தேக்கா சென்டரில் காலைப் பலகாரம், வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை, உண்டியல், வழியில் பூ. ரயிலுக்கும் பஸ்சுக்கும் மகள் தன் கார்டையே வாசலில் தொட்டுவிட்டுப் போனாள். வெளிநாட்டு கார்டானால் அதற்கு நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கட்டணம் உண்டு. மற்ற மூவரும் ஆளுக்கொரு பயண அட்டை வாங்கிக்கொண்டார்கள். மகள் ஒரு கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கியதால் சாங்கி விமான நிலையத்தில் 9 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. யுபிஐ இரண்டே இடத்தில் வேலை செய்தது. இரண்டையும் பையன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான்.

ரூபாயில் போடவா என்று மூன்று கடையில் கேட்டார்களாம். மூன்று தடவையும் மகள் வாயைத் திறக்கும் முன்பே மாமா, "வேண்டாங்க, உங்க காசுலயே போடுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

திரும்பி வந்தபோது அத்தையின் கார்டில் 212 டாலர் மிச்சம். மகன் வழிப் பேத்தி அடுத்த வருடம் அங்கேதான் படிக்கப் போகிறாள் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார். மாமாவின் டவுசர் பையில் 46 டாலர் நோட்டும் ஒரு பிடி சில்லறையும் இருந்தன. "இத வெச்சுக்கலாமா, குடுத்தறணுமா?" என்று கேட்டார். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதைத்தான் 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், சில்லறைக்குக் கணக்கே இல்லை என்றேன். 46இல் ஊதா நிற இரண்டு டாலர் நோட்டு மூன்று இருந்தது. பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று இருக்கும். மாமா அவற்றை மட்டும் தனியாக எடுத்து, மஞ்சள் விற்ற சீட்டுகள் வைக்கிற தகரப் பெட்டியில் போட்டு மூடினார்.